300 கோடி எழுத்துகளைப் படித்தாயிற்று... நோயாளிக்கு என்ன கிடைத்தது?

பிறந்து ஆறு மாதம்கூட ஆகாத குழந்தைக்குச் சர்க்கரை நோய் என்று டாக்டர் சொன்னால், பெற்றவர்களால் நம்பவே முடியாது. குழந்தை சரியாகப் பால் குடிப்பதில்லை, எடை ஏறுவதில்லை, துணி நனைந்துகொண்டே இருக்கிறது. ரத்தத்தைப் பரிசோதித்தால் சர்க்கரை எங்கோ போய் நிற்கிறது. அன்று முதல் தினமும் இன்சுலின் ஊசி. அந்தப் பிஞ்சுத் தொடையில் ஊசி குத்த இடம் தேட வேண்டும். மருந்து துளி கூடினால் சர்க்கரை சரிந்து வலிப்பு வரும். துளி குறைந்தால் மூச்சிரைக்கும். பெற்றவர்களுக்கு ராத்தூக்கம் என்பதே போய்விடும்.

சுமார் ஒரு லட்சம் பிறப்புகளில் ஒன்றில் காணப்படும் இந்த நோய்க்கு, 2004-ல் இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரத்தில் ஆண்ட்ரூ ஹேட்டர்ஸ்லியின் குழு ஒரு காரணம் கண்டுபிடித்தது. கணையத்தின் பீட்டா செல்களில் பொட்டாசியம் வெளியேறுவதற்கென்று நுண்ணிய வாயில்கள் இருக்கின்றன. ரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது அவை மூடிக்கொள்ள வேண்டும். மூடினால்தான் செல்லுக்குள் தயாராக இருக்கும் இன்சுலின் வெளியே வரும். இந்தக் குழந்தைகள் பலருக்கு அந்த வாயிலைக் கட்டும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அதனால் வாயில் மூடுவதில்லை. இன்சுலின் உள்ளே இருக்கிறது, வெளியே வர வழியில்லை.

அந்த வாயிலை மூடுகிற மருந்து அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே மருந்துக் கடைகளில் இருந்தது. கிளிபென்கிளமைடு. நம் வீட்டுப் பெரியவர்கள் ‘டயோனில்’ என்ற பெயரில் வருடக்கணக்காக விழுங்கிய அதே மலிவான மாத்திரை. 2006-ல் வெளியான ஆய்வில், இந்த மரபணு மாற்றம் கொண்ட 49 பேருக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். 44 பேர் இன்சுலின் ஊசியை அடியோடு நிறுத்திவிட்டார்கள். சென்னையில் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய குழந்தைகளின் மரபணுவைப் பல ஆண்டுகளாகப் பரிசோதித்துவருகிறது. பொருத்தமான மாற்றம் இருப்பது தெரிந்தால் ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாற்ற முடிகிறது.

மரபணு ஆராய்ச்சி மனிதனுக்கு என்ன செய்தது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். உடனே அடுத்த கேள்வி வரும். அந்தக் குழந்தையின் தாத்தாவுக்கு ஐம்பது வயதில் வந்த சர்க்கரைக்கு என்ன செய்தது? இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோயாளிகள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் சொன்னது. உலகெங்கும் 25 லட்சம் பேரின் மரபணுத் தகவல்களை ஒப்பிட்ட ஆய்வு 2024-ல் வந்தது. இந்த நோயோடு தொடர்புடைய 600-க்கும் மேற்பட்ட இடங்களை அது காட்டியது. அந்த 600 இடங்களைத் தெரிந்துகொண்டதால் தாத்தாவின் மருந்துச் சீட்டில் ஒரு வரிகூட மாறவில்லை.

நோயின் பெயர் ஒன்றுதான். பேரக்குழந்தைக்கு விடை கிடைத்தது, தாத்தாவுக்குக் கிடைக்கவில்லை. இருபத்தைந்து ஆண்டு ஜீனோம் மருத்துவத்தின் வரவும் பற்றும் இதில் அடங்கியிருக்கிறது.

வெள்ளை மாளிகையில் சொன்னது

2000-ஆம் ஆண்டு ஜூன் 26. அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன் ஒரு பக்கம் அரசு ஜீனோம் திட்டத்தின் ஃபிரான்சிஸ் காலின்ஸையும் மறுபக்கம் போட்டித் தனியார் நிறுவனத்தின் கிரெய்க் வென்டரையும் வைத்துக்கொண்டு, மனித ஜீனோமின், அதாவது நம் டி.என்.ஏ. எழுத்துகள் மொத்தத்தின், முதல் வரைவு தயார் என்று அறிவித்தார். பிரிட்டன் பிரதமர் டோனி பிளேர் செயற்கைக்கோள் வழியாகக் கலந்துகொண்டார். நம் பேரப்பிள்ளைகளின் காலத்தில் கேன்சர் என்ற பெயர் வானத்துக் கடக நட்சத்திரக் கூட்டத்துக்கு மட்டுமே மிஞ்சக்கூடும் என்ற பொருளில் கிளிண்டன் பேசினார்.

அரசியல்வாதியின் பேச்சு என்று அதை ஒதுக்கிவிடலாம். ஆனால் திட்டத்தின் தலைவரான காலின்ஸே அடுத்த ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஆண்டுக் கணக்குப் போட்டு எழுதினார். 2010-க்குள் பத்துப் பன்னிரண்டு நோய்களை முன்கூட்டியே சொல்லும் பரிசோதனைகள் வரும்; 2020-க்குள் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மரபணுவை அடிப்படையாகக் கொண்டு வடிவமைத்த மருந்துகள் வரும். இரண்டு கெடுவும் கடந்துவிட்டன. இன்றும் பி.பி.க்கு நாம் விழுங்கும் மாத்திரைகள் பெரும்பாலும் ஜீனோமைப் படிப்பதற்கு முன் வந்தவைதான்.

படிக்கும் வேலையில் மட்டும் சொன்னதற்கு மேலேயே செய்துவிட்டார்கள். 1990-ல் திட்டம் தொடங்கியபோது 300 கோடி எழுத்துக்கு 300 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். எழுத்துக்கு ஒரு டாலர். இன்று ஒருவரின் முழு ஜீனோமையும் சில நூறு டாலருக்குப் படித்துவிடலாம். இந்த வீழ்ச்சியில் சென்னையில் பிறந்த ஒருவருக்குப் பெரும் பங்கு உண்டு. சங்கர் பாலசுப்ரமணியன் கேம்பிரிட்ஜில் டேவிட் கிளெனர்மனோடு சேர்ந்து, கோடிக்கணக்கான டி.என்.ஏ. துண்டுகளை ஒரே கண்ணாடித் தகட்டில் ஒரே நேரத்தில் படிக்கும் முறையை உருவாக்கினார். அவர்களின் சொலெக்சா நிறுவனத்தை 2007-ல் இலுமினா வாங்கியது. இன்று உலகத்தின் ஜீனோம் வாசிப்பில் பெரும்பகுதி அந்த முறையில்தான் நடக்கிறது.

இவ்வளவு மலிவாகப் படிக்க முடிந்தும் பொதுவான நோய்களில் பிடி கிடைக்காததற்குக் காரணம், அந்த நோய்களின் இயல்பு. மாரடைப்புக்கு ஒரு மரபணு, பெரியவர்களுக்கு வரும் சர்க்கரைக்கு ஒரு மரபணு என்று பெரும்பாலும் கிடையாது. உயரத்தை எடுத்துக்கொள்வோம். 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து 2022-ல் வெளியான ஆய்வு, உயரத்தைத் தீர்மானிப்பதில் பங்குள்ள 12,111 இடங்களைக் கண்டது. ஒவ்வொன்றும் ஒருவரை மயிரிழை அளவு கூட்டும் அல்லது குறைக்கும். சர்க்கரையும் மாரடைப்பும் இதே வகைதான். அவற்றுக்கு மேல் சாப்பாடு, உறக்கம், உழைப்பு, மன அழுத்தம் எல்லாம் வந்து சேர்கின்றன.

2010-ல் பாஸ்டன் ஆய்வாளர்கள் ஒரு நேரடிச் சோதனை செய்தார்கள். இதய நோயோடு தொடர்புடையவை என்று அதுவரை தெரிந்திருந்த 101 மரபணு மாற்றங்களை வைத்து, 19,000 பெண்களில் யாருக்கு நோய் வரும் என்று கணித்து, 12 ஆண்டுக் காலத் தரவோடு ஒப்பிட்டார்கள். வழக்கமான கணக்கோடு சேர்த்துப் பார்த்தபோது மரபணுக் கணக்கு எதையும் கூட்டவில்லை. ‘உங்கள் அப்பா அம்மாவுக்கு இளவயதில் மாரடைப்பு வந்ததா’ என்ற பழைய கேள்வி அதைவிடப் பயன்பட்டது. அதற்குப் பின் கணிப்பு முறைகள் எவ்வளவோ மேம்பட்டிருக்கின்றன என்பதை மறுக்கவில்லை. இருந்தாலும், ஆரோக்கியமாக இருப்பவரிடம் எச்சிலை வாங்கிக்கொண்டு எதிர்காலம் சொல்லும் வியாபாரம் இந்த ஆய்வைப் படித்த பிறகும் நடக்கிறதே என்பதுதான் என் ஆதங்கம்.

நீலகிரியிலிருந்து ஒரு கணக்கு

அரிய நோய்களில் நிலைமை வேறு. பிரிட்டனின் ஒரு லட்சம் ஜீனோம் திட்டத்தில், எத்தனையோ ஆண்டுகளாக எந்த டாக்டராலும் பெயர் சொல்ல முடியாத நோயோடு அலைந்த 2,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களைப் பரிசோதித்தார்கள். அதன் முடிவு 2021-ல் வந்தது. நால்வரில் ஒருவருக்கு விடை கிடைத்தது. விடை கிடைத்தவர்களிலும் நால்வரில் ஒருவருக்குத்தான் சிகிச்சையில் உடனடி மாற்றம் வந்தது. சின்ன எண்ணிக்கையாகத் தோன்றலாம். பத்து வருடம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கிய தாய்க்கு, ‘இது உன் தவறால் வந்ததல்ல, அடுத்த குழந்தைக்கு வருமா என்று இப்போது சொல்ல முடியும்’ என்ற ஒரு வாக்கியமே பெரிய மருந்து.

புற்றுநோயில் கிடைத்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரத்தப் புற்றுக்கு வந்த இமாட்டினிப்பை ஜீனோம் திட்டத்தின் வெற்றியாகப் பலர் எழுதுகிறார்கள். அதன் வேர் 1960-ல் பிலடெல்பியாவில் கண்ட குரோமோசோம் மாற்றத்தில் இருக்கிறது. ஜீனோமுக்கு உரிய வரவு என்றால் பி-ராஃப் மரபணுதான். 2002-ல் பிரிட்டனின் சாங்கர் நிறுவனம் புற்றுக் கட்டிகளின் மரபணுக்களை வரிசையாகப் படித்து அதைப் பிடித்தது. 2011-ல் அதற்கு மருந்து வந்தது. தோல் புற்று மளமளவென்று சுருங்கியது, பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் திரும்பியும் வந்தது. கூட்டு மருந்துகள் பிறகு ஆயுளை நீட்டின. கிளிண்டன் சொன்ன நட்சத்திரக் கூட்டம் இன்னும் வெகுதூரத்தில்தான் இருக்கிறது.

நின்று பார்க்க வேண்டிய கதை அரிவாள் செல் ரத்தசோகையுடையது. இந்தியாவில் இந்த நோய்க்கூறு முதன்முதலில் பதிவானது நம் நீலகிரியில். 1952-ல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் மலைவாழ் மக்களின் ரத்தத்தில் இதைக் கண்டார்கள். இருளர், பணியர், குறும்பர் என்று மலை மக்கள் பலரிடமும் அது இருக்கிறது. வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணு அரிவாள்போல வளைந்து, மெல்லிய ரத்தக் குழாய்களை அடைக்கும். எலும்புக்குள் வலி சுழன்றடிக்கும், மண்ணீரல் கெடும், ஆயுள் குறையும். கூடலூரில் அஸ்வினி அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனை இந்த நோயாளிகளை நீண்ட காலமாகக் கவனித்துவருகிறது.

நோய்க்குக் காரணமான எழுத்து மாற்றம் ஜீனோம் திட்டத்துக்கு நெடுநாள் முன்பே தெரியும். தெரிந்தும் அரை நூற்றாண்டாக அதைத் திருத்த வழியில்லை. வழி வேறு பக்கத்திலிருந்து வந்தது. இந்நோய் உள்ள குழந்தைகள் பிறந்த சில மாதங்கள் நன்றாக இருப்பார்கள். கருவில் இருந்தபோது உருவான ஹீமோகுளோபின் அதுவரை காப்பாற்றும். பிறகு உடல் அதை நிறுத்திவிடும். சிலருக்கு மட்டும் அது முழுதாக நிற்பதில்லை. அவர்களுக்கு நோயும் மட்டுப்பட்டிருக்கும். ஏன் சிலருக்கு மட்டும்? 2007, 2008-ஆம் ஆண்டுகளில் ஏராளமானவர்களின் ஜீனோமை ஒப்பிட்டபோது, யாரும் எதிர்பாராத ஒரு மரபணுவின் மேல் விரல் போய் நின்றது: பி.சி.எல்.11ஏ. கருக்கால ஹீமோகுளோபினை நிறுத்தும் வேலை அதனுடையது என்று பாஸ்டனில் ஸ்டூவர்ட் ஆர்கினின் ஆய்வுக்கூடம் நிறுவியது. நோயாளியின் எலும்பு மஜ்ஜையில் உள்ள ஸ்டெம் செல்களை வெளியே எடுத்து, அந்த மரபணுவின் விசையை க்ரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையில் வெட்டித் திரும்பச் செலுத்தினால், நின்றுபோன ஹீமோகுளோபின் மறுபடி உருவாகிறது. காஸ்ஜெவி என்ற இந்தச் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதி தந்தன. பரிசோதனையில் மதிப்பிடப்பட்ட 31 பேரில் 29 பேருக்கு ஓராண்டுக்குக் குறையாமல் கடும் வலி எட்டிப் பார்க்கவில்லை.

ஆயிரமாயிரம் பேரைப் படித்திருக்காவிட்டால் இந்த மரபணுவை யாரும் சந்தேகித்திருக்கவே மாட்டார்கள். பெருவாரியான ஜீனோம் ஆய்வின் மீது எனக்கு இருக்கும் மரியாதை முழுவதும் இந்தக் கதையால் வந்தது.

அமெரிக்காவில் காஸ்ஜெவியின் விலை 22 லட்சம் டாலர். நம் பணத்தில் 18 கோடி ரூபாய்க்கு மேல். கூடலூர் எஸ்டேட்டில் கூலி வேலை பார்க்கும் பணியர் குடும்பத்துக்கு அது என்ன பொருள்படும்? அவர்களுக்கு இன்று கைகொடுப்பது ஹைட்ராக்சியூரியா என்ற பழைய, மலிவான மாத்திரை. அதுவும் கருக்கால ஹீமோகுளோபினைக் கூட்டித்தான் வேலை செய்கிறது. 2023 ஜூலையில் மத்திய அரசு 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பதாகச் சொல்லி அரிவாள் செல் ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அந்தப் பரிசோதனைக்கு ஜீனோம் வாசிப்பு தேவையில்லை. ஒரு சொட்டு ரத்தம் போதும்.

விலையைக் குறைக்க முடியாது என்றும் சொல்வதற்கில்லை. வேலூர் சி.எம்.சி.யில், ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபீலியா-ஏ நோயாளிகள் ஐவருக்கு, அவர்களின் சொந்த ஸ்டெம் செல்லிலேயே குறையுள்ள மரபணுவின் நல்ல பிரதியைப் புகுத்திச் சிகிச்சை தந்தார்கள். 2024 டிசம்பரில் வெளியான முடிவின்படி, சிகிச்சைக்குப் பின் ஐவரில் எவருக்கும் ரத்தக்கசிவு ஏற்படவில்லை. ஐந்து பேர் என்பது சிறு தொடக்கம். ஆனாலும் இது நம்மூர் ஆஸ்பத்திரியில் நடந்தது.

யாருடைய எழுத்துகள்?

இதுவரை நடந்த மரபணுத் தொடர்பு ஆய்வுகளில் கலந்துகொண்டவர்களில் ஐந்தில் நான்கு பேர் ஐரோப்பிய வம்சாவளியினர் என்று 2019-ல் ஒரு கணக்கெடுப்பு காட்டியது. அவர்களை வைத்துத் தயாரித்த கணிப்பு நமக்கு அவ்வளவாகப் பொருந்தாது. நம்முடைய மாற்றங்கள் பல அந்தப் பட்டியலில் இல்லை.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வைத் தொடங்கிய பெருந்துறை தண்டபாணியும், ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வு நிறுவனத்தின் குமாரசாமி தங்கராஜும் பிற ஆய்வாளர்களும் சேர்ந்து 2009-ல் ஒரு பெரிய கண்டுபிடிப்பை வெளியிட்டார்கள். இதயத் தசையைக் கட்டும் ஒரு மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பது தெற்காசியரில் நூற்றுக்கு நான்கு பேரிடம் காணப்படுகிறது. இதயத் தசை நோய் உள்ளவர்களிடம் அது பன்மடங்கு அதிகம். உலகமே திரும்பிப் பார்த்தது. 2020-ல் வந்த மறுஆய்வு கணக்கை மாற்றியது. அந்த 25 எழுத்து இல்லாதவர்களில் ஒரு சிறு பகுதியினரிடம், அருகிலேயே இன்னொரு நுண்ணிய மாற்றம் ஒட்டிக்கொண்டு வருகிறது. ஆபத்து பெரிதும் அதனால்தான் என்று அந்த ஆய்வு காட்டியது. 2009-லேயே அவசரப்பட்டிருந்தால் கோடிக்கணக்கான இந்தியர்களிடம் ‘உங்கள் இதயம் பழுது’ என்று சொல்லியிருப்போம். முதல் ஆய்வு வீணென்று இதற்குப் பொருளில்லை. இடத்தைக் காட்டியது அதுதான். ஓர் எழுத்தைப் படிப்பதற்கும் அதன் பொருளை அறிவதற்கும் நடுவே இத்தனை ஆண்டு உழைப்பு தேவைப்படுகிறது.

பொருள் தெரிந்த இடத்தில் பயன் கைமேல் கிடைக்கிறது. ஆபரேஷனுக்கு முன் தசைகளைத் தளர்த்தச் சக்ஸினில்கோலின் என்ற ஊசி போடுவார்கள். சாதாரணமாகச் சில நிமிடங்களில் அதன் வேலை முடிந்துவிடும். அதை உடைக்கும் நொதி இல்லாதவர்களுக்கு மணிக்கணக்கில் மூச்சுத் தசை அசையாது. தென்னிந்திய மயக்கவியல் டாக்டர்கள் வைசிய சமூகத்தினரிடம் இதைக் கவனித்துவந்தார்கள். கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் பூபதியும் சக ஆய்வாளர்களும் அதற்குக் காரணமான எழுத்து மாற்றத்தை 2006-ல் வெளியிட்டார்கள். மற்றவர்களைவிடச் சுமார் 100 மடங்கு அதிகமாக அந்தச் சமூகத்தில் இக்குறை இருக்கிறது. இது யாருக்கும் இழுக்கல்ல. தெரிந்துவிட்டால் டாக்டர் வேறு மருந்தைத் தேர்ந்துகொள்வார், அவ்வளவுதான்.

ஸ்டென்ட் வைத்தவர்களுக்குத் தரும் குளோபிடோக்ரல் மாத்திரையும் இப்படித்தான். கல்லீரலில் ஒரு நொதி அதை மாற்றிக் கொடுத்தால்தான் அது வேலை செய்யும். லண்டனில் வாழும் வங்கதேச, பாகிஸ்தான் வம்சாவளியினரை ஆராய்ந்தபோது, பாதிப் பேருக்கு மேல் அந்த நொதியைக் கெடுக்கும் மரபணுவின் ஒரு பிரதியையாவது சுமந்திருந்தார்கள். நம் ரத்த உறவினர்கள்தான் அவர்களும்.

வைசியரிடம் கண்டதுபோல ஒரு குறை ஒரே சமூகத்தில் குவிவது, தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளும் சாதிக்குள்ளும் மட்டுமே மணம் முடித்ததன் விளைவு. தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரீக்கும் பங்குபெற்று 2017-ல் வெளிவந்த ஆய்வு, தெற்காசியாவின் 263 சமூகங்களைப் பார்த்தது. அவற்றில் 81-ல் இந்த உள்மண விளைவு ஃபின்லாந்து மக்களையும் அஷ்கெனாசி யூதர்களையும்விடக் கடுமையாக இருந்தது. அந்த யூதர்கள் என்ன செய்தார்கள் என்பது நமக்கு முக்கியம். குழந்தைகளைக் கொல்லும் டே-சாக்ஸ் நோய்க்கு அவர்கள் 1970-களிலேயே, ஜீனோம் என்ற பேச்சு எழும் முன்பே, மலிவான ரத்தப் பரிசோதனையைச் சமூக இயக்கமாக நடத்தினார்கள். அந்த நோயோடு பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் குறைந்துபோயினர்.

2025 ஜனவரியில் ஜீனோம் இந்தியா திட்டம் 10,000 இந்தியர்களின் ஜீனோமை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. மகிழ்ச்சி. இனி அடுத்த பத்து லட்சம் என்று பேசுவார்கள். என் தீர்ப்பு இது: பெருவாரி ஜீனோம் வாசிப்பு அரிய நோய் உள்ளவர்களுக்குத் தந்த வாக்கைப் பெருமளவு காப்பாற்றியிருக்கிறது; புற்றுநோயாளிக்குப் பாதி தந்திருக்கிறது; சர்க்கரை, பி.பி., மாரடைப்புக்காரர்களுக்குச் சொன்னதை இன்னும் தரவில்லை. இன்று குறைவது படித்த எழுத்துகளின் எண்ணிக்கை அல்ல, படித்ததைப் படுக்கையில் கிடப்பவரிடம் கொண்டுசேர்க்கும் ஆட்கள்தான். பிறந்த குழந்தை ஒவ்வொன்றுக்கும் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தப் பரிசோதனை, அரசு மருத்துவக் கல்லூரிதோறும் ஒரு மரபணு ஆலோசகர், மலைக் கிராமங்களில் விட்டுப்போகாத ஹைட்ராக்சியூரியா. அரசு அடுத்த ரூபாயை இவற்றுக்குத்தான் செலவிட வேண்டும். மரபணுக் கோளாறு என்ற காரணத்தைச் சொல்லிக் காப்பீட்டை மறுப்பது அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்று 2018-ல் டெல்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைச் சட்டமாகவே ஆக்கினால் மக்கள் பயமின்றிப் பரிசோதனைக்கு வருவார்கள்.

வாசகர்கள் இன்றே செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. ஒரு நோட்டை எடுத்து மூன்று தலைமுறை நோய்க் கணக்கை எழுதிவையுங்கள். யார் எந்த வயதில் எதனால் இறந்தார்கள், யாருக்கு இளவயதில் மாரடைப்பு அல்லது புற்று வந்தது, எந்த வீட்டில் குழந்தைகள் காரணம் தெரியாமல் இறந்தன, யார் ஆபரேஷனுக்குப் பின் மயக்கம் தெளியாமல் கிடந்தார்கள், யார் யார் சொந்தத்தில் மணந்தார்கள். விவரம் தெரிந்த பாட்டியும் தாத்தாவும் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அந்த நோட்டையும் கையோடு எடுத்துப்போங்கள்.